பழைய நாணயத்தில் வெள்ளி உண்டா? தராசும் தண்ணீரும் போதும்

டிரங்குப் பெட்டியிலோ சாமி உண்டியலிலோ பழைய ரூபாய் ஒன்று கிடைத்தால் வீட்டில் யாராவது ஒருவர் உடனே புளியோ விபூதியோ எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். முதலில் அதைத் தடுத்து நிறுத்துங்கள். நாணயத்தின் மேல் படிந்திருக்கும் கறுப்பும் ஒரு சாட்சிதான். தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும், சேகரிப்பாளர் தரும் விலையும் சரிந்துவிடும். சோதிக்கும் முன் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சாதாரணத் தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பவை பிரிட்டிஷ் இந்திய ரூபாய், எட்டணா, நாலணா, இரண்டணா, சில சமயம் 1969 முதல் வந்த நினைவு நாணயங்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. இந்த நாணயங்களின் எடையும் கலவையும் அரசு நிர்ணயித்தவை. அதனால் ஆண்டையும் எடையையும் தெரிந்துகொண்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத் தண்ணீர்ச் சோதனை. காந்தம், ஓசை, பனிக்கட்டி என்று இணையத்தில் உலவும் மற்றவையெல்லாம் போலியைக் கழித்துக்கட்ட உதவும். ‘இது வெள்ளிதான்’ என்று உறுதி சொல்ல அவற்றால் முடியாது.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு நியோடிமியம் காந்தம் (சின்னதாக இருந்தாலும் மிக வலுவாக இழுப்பது), பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்கேல் அல்லது காலிபர், மெல்லிய நைலான் நூல், ஒரு பிளாஸ்டிக் டம்ளர். தராசை மட்டும் சமையலறைத் தராசாக வாங்கிவிடாதீர்கள். ஒரு கிராம், ஒரு கிராமாகக் காட்டும் தராசு இந்த வேலைக்கு ஆகாது.

முதலில் ஆண்டு

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பகுதிகள் முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு, சதவீதக் கணக்கில் 91.7. சென்னை மாகாணத்தில் 1818 முதலே இருந்த ரூபாயின் அளவுதான் அது. நாட்டு மருந்துக் குறிப்புகளில் வரும் ‘ஒரு ரூபா எடை’ என்பதும் இதுதான். இந்தத் தரம் 1930களின் இறுதி வரை மாறவே இல்லை. வில்லியம், விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட அசல் ரூபாய் எதுவானாலும் 91.7 சதவீத வெள்ளிதான். எட்டணா 5.83 கிராம், நாலணா 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம், தரம் அதே.

சில்லறையில் சில விதிவிலக்குகள் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால் 1918 முதல் இரண்டணாவைச் சதுர வடிவில் செம்பு-நிக்கல் கலவையில் அடித்தார்கள். 1917 வரை வந்த சின்ன வட்ட இரண்டணா வெள்ளி. சதுரமாக இருந்தால் வெள்ளி இல்லை. 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாலணாவும் எட்டணாவும் செம்பு-நிக்கலில் வந்தன. அந்தக் காலகட்டத்தில் வெள்ளியிலும் அடித்ததால் 1919ஐ ஒட்டிய எட்டணாவை ஆண்டு பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

1940இல் இரண்டாம் உலகப் போர் காரணமாகத் தரம் 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மீதியில் 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதம். எடையை மட்டும் மாற்றவில்லை. அதனால் ஆறாம் ஜார்ஜ் தலையோடு 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய் கையில் அதே கனம் காட்டும், ஆனால் வெள்ளி பாதிதான். 1940 இடையில் நின்ற ஆண்டு. சில்லறையில் தரம் அந்த ஆண்டின் நடுவில்தான் குறைந்தது. 1940 என்று போட்ட நாலணாவை அளந்து பார்க்காமல் எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். விளிம்பும் ஓர் அடையாளம். பழைய ரூபாயின் விளிம்பில் செங்குத்து வரிகள் மட்டும் இருக்கும். 1940களின் ரூபாயில் அந்த வரிகளின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். பள்ளம் இருக்கும் நாணயத்தை ‘91.7 வெள்ளி’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மிக அதிகமாக ஏமாற்றம் தருவது 1947 ரூபாய். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. ‘ராஜா தலை இருக்கிறதே, வெள்ளிதான்’ என்று பல வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது முழுக்க நிக்கல். 1946, 1947 எட்டணா, நாலணாவும் நிக்கல்தான். 1950இல் வந்த அசோகத் தூண் ரூபாயும், அதன்பின் சாதாரணப் புழக்கத்துக்கு அடித்த எந்த ரூபாயும் வெள்ளி இல்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தைய வெள்ளி என்றால் நினைவு நாணயங்கள்தான். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம். அதே ஆண்டின் காந்தி ஒரு ரூபாய் நிக்கல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 1972 சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் 22.5 கிராம், 50 சதவீதம். 1974இல் வந்த பத்து ரூபாயும் அதே 39 மில்லிமீட்டர் விட்டம்தான், ஆனால் செம்பு-நிக்கல், 25 கிராம். இங்கே கனமானதுதான் வெள்ளியில்லாதது. 1974 ஐம்பது ரூபாய் 34.7 கிராம், 50 சதவீதம். பிற்பாடு வந்த நூறு ரூபாய் நினைவு நாணயங்களில் பல 35 கிராம், அதே 50 சதவீதம்.

ஆண்டே போலியைக் காட்டிக் கொடுப்பதும் உண்டு. கம்பெனி ரூபாய்கள் 1835, 1840 என்ற இரண்டு ஆண்டுகளோடு மட்டுமே வந்தன. 1840 என்ற ஆண்டையே 1862 வரை மாற்றாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ‘1852 விக்டோரியா ரூபாய்’ என்று ஒன்று கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1922க்குப் பிறகு 1936தான். நடுவில் உள்ள ஆண்டுகளில் ரூபாய் அடிக்கவில்லை. 1939 ரூபாய் இருக்கிறது, ஆனால் மிக அரிது. அதனாலேயே அந்த ஆண்டைப் போட்டுத் திருத்திய நாணயங்கள் சுற்றுகின்றன.

எடையும் விட்டமும்

தராசைச் சமதளத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள். தராசோடு வரும் சோதனை எடைக்கல்லை முதலில் வைத்துப் பார்ப்பது நல்லது. விலை குறைந்த தராசுகள் மின்கலம் இறங்கும்போது தவறாகக் காட்டும்.

புழக்கத்தில் தேய்ந்த ரூபாய் 11.66க்குக் கீழே 11.4, 11.5 என்று இறங்கியிருக்கலாம். ராணியின் முகமும் எழுத்தும் மழுங்கியிருந்தால் அது இயல்பு. எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து எடை 11.2 காட்டினால் இயல்பில்லை. நாணயம் தேயும், வளராது. ஒட்டு எதுவும் இல்லாமல் 11.8, 12 என்று காட்டினால் அது அரசு அச்சுச்சாலையில் அடித்தது ஆகாது.

காசுமாலையிலிருந்தோ பதக்கத்திலிருந்தோ கழற்றிய காசு தனி வகை. வளையத்தை அறுத்த இடத்தில் பற்றாசு, அதாவது பற்றவைத்த உலோகம், கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஓட்டை போட்டிருந்தால் எடை குறையும். விளிம்பை லென்ஸில் சுற்றிப் பார்த்தால் அந்த இடம் வழவழப்பாகத் தெரியும். இப்படிப்பட்ட காசுக்கு எடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் நேராகத் தண்ணீர்ச் சோதனைக்குப் போய்விடுங்கள்.

விட்டம் ரூபாய்க்கு ஏறக்குறைய 30.5 மில்லிமீட்டர். ஜெர்மன் சில்வரிலோ (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பெயரில் மட்டும்தான் வெள்ளி) பித்தளையிலோ செய்யும் போலிக்கு எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒருசேரச் சரியாகக் கொண்டுவர முடியாது. அந்த உலோகங்கள் வெள்ளியைவிட லேசானவை. எடையைச் சரிக்கட்டினால் நாணயம் தடித்துவிடும், தடிமனைச் சரிக்கட்டினால் எடை குறைந்துவிடும். நம்பிக்கையான ஒரு ரூபாயை அருகில் நிறுத்தி விளிம்போடு விளிம்பு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும்.

காந்தம்

காந்தம் பிடித்து ஒட்டிக்கொண்டால் வெள்ளி இல்லை. இரும்பாகவோ நிக்கலாகவோ இருக்கும். 1947 புலி ரூபாய் இங்கேயே வெளியேறிவிடும். ஒட்டவில்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. செம்பு, பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர், செம்பு-நிக்கல் எதுவுமே ஒட்டாது.

இதற்கு ஒரு படி மேலான சோதனை, நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் முகத்தின் மேல் சின்ன வட்டக் காந்தத்தைச் சறுக்கவிடுவது. வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். காந்தம் நகரும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைப் பின்னிழுக்கும். காந்தம் தேனில் இறங்குவதுபோல் மெதுவாகப் போகும். பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் சட்டென்று வழுக்கிவிடும். இரண்டு எச்சரிக்கைகள்: செம்பும் இதே அளவுக்கு இழுக்கும், ஆகவே வெள்ளி முலாம் பூசிய செம்பு இந்தச் சோதனையில் தேறிவிடும். மறுபக்கம், 1940களின் 50 சதவீத ரூபாயில் நிக்கலும் துத்தநாகமும் கலந்திருப்பதால் இழுவை குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அசலைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தண்ணீர்ச் சோதனை

நாணயத்தைக் கீறாமல், கெடுக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடிய வீட்டுச் சோதனை இது ஒன்றுதான். நாணயத்தின் அடர்த்தியை, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்பதைக் கண்டுபிடிக்கிறோம்.

1. உலர்ந்த நாணயத்தை எடை போட்டு இரண்டு தசமம் வரை குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிளாஸ்டிக் டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு நுரைக்காமல் கலக்குங்கள். டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். டம்ளரும் தண்ணீரும் சேர்ந்து தராசின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பல சின்னத் தராசுகளுக்கு அது 200 கிராம்தான்.

3. நூலால் நாணயத்தைக் குறுக்கே கட்டி, நூலின் மறுமுனையை ஒரு குச்சியில் முடியுங்கள். தராசின் இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் குச்சியைக் கிடத்துங்கள். கையால் பிடித்தால் நடுக்கத்தில் எண் நிற்கவே நிற்காது.

4. நாணயம் முழுவதும் மூழ்க வேண்டும். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. குமிழி ஒட்டியிருந்தால் நூலை மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

5. இப்போது தராசு காட்டுவது நாணயத்தின் எடை அல்ல, அது ஒதுக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

91.7 சதவீத வெள்ளிக்கு விடை 10.3 அருகே வரும். 80 சதவீதத்துக்கு 10.1, போர்க்கால 50 சதவீதக் கலவைக்கு 9.5. நிக்கல், செம்பு, செம்பு-நிக்கல் மூன்றும் 8.9 பக்கத்தில். பித்தளையும் ஜெர்மன் சில்வரும் 8.4க்கும் 8.8க்கும் இடையில். 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு காட்டும் எண்ணையே நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 1.13 என்றால் பழைய உயர்தரம், 1.22 என்றால் பாதி வெள்ளி, 1.30 அல்லது அதற்கு மேல் என்றால் வெள்ளி இல்லை. எட்டணாவுக்கு முறையே 0.56, 0.61, 0.65.

வித்தியாசம் சின்னது என்பதால் பிழைக்கு இடம் அதிகம். குமிழி ஒன்று ஒட்டியிருந்தால் ஒதுக்கிய தண்ணீர் கூடுதலாகத் தெரிந்து, நல்ல வெள்ளியும் 9.8 என்று காட்டும். நாணயம் அடியைத் தொட்டால் எண் தாறுமாறாக ஏறும். தடித்த பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஒரே நாணயத்தை மூன்று முறை சோதித்து மூன்றும் ஒத்துவந்தால்தான் நம்புங்கள். பழகுவதற்கு 1970 முதல் 1974 வரை வந்த நிக்கல் ஒரு ரூபாய் அருமையான பொருள். எடை சரியாக 10 கிராம், காந்தம் பிடிக்கும், தண்ணீரில் 1.12 காட்ட வேண்டும். அது வரும்வரை பழகிவிட்டுப் பிறகு உங்கள் நாணயத்துக்கு வாருங்கள்.

நாலணாவுக்கு 0.28, 0.31, 0.33 என்று மிக நெருக்கமாக வருவதால் 0.01 கிராம் தராசில் உத்தேசம்தான் சொல்ல முடியும். இரண்டணாவுக்கு இந்தத் தராசு உதவாது, 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

ஓசை, நிறம், வார்ப்பு

விரல் நுனியில் நாணயத்தை நிறுத்தி, விளிம்பை ஒரு பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். வெள்ளி மணிபோல் நீண்டு ஒலிக்கும். ஈயமும் தகரமும் கலந்து வார்த்த போலி ‘டப்’ என்று அடங்கிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு தனிப் பயன் உண்டு. ஈயம் 11.3 அடர்த்தியுள்ளது, தகரத்தோடு அளந்து கலந்தால் 10.3ஐ எட்டித் தண்ணீர்ச் சோதனையை ஏமாற்றிவிடலாம். ஓசையில் அது மாட்டிக்கொள்ளும். நிக்கலும் நன்றாக ஒலிக்கும் என்பதையும், விரிசலோ பற்றாசோ உள்ள அசல் காசு மந்தமாக ஒலிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

லென்ஸில் பார்க்க வேண்டியது எழுத்துகளின் ஓரம். அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்து களத்திலிருந்து, அதாவது சுற்றியுள்ள வெற்றுப் பரப்பிலிருந்து, செங்குத்தாக எழும்பி நிற்கும். வார்த்ததில் எழுத்து சோப்பில் பதித்ததுபோல் உருண்டு, களமெங்கும் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். விளிம்பில் அரம் போட்ட தடமோ சுற்றிவரும் ஒரு கோடோ தெரிந்தால் அது இரண்டு அச்சுகளை ஒட்டி வார்த்தது.

ராணியின் கன்னம், கிரீடம் போன்ற உயர்ந்த இடங்களில் செம்பு நிறமோ பித்தளை மஞ்சளோ எட்டிப் பார்த்தால் முலாம். ஆனால் 1940களின் 50 சதவீத ரூபாயில் அவசரப்படாதீர்கள். அவற்றின் மேல்தோலில் வெள்ளி கூடுதலாக இருக்கும், அது தேய்ந்தால் உள்ளிருக்கும் கலவை லேசான மஞ்சளாகத் தெரியும்.

நாணயத்தின் மேல் வைத்த பனிக்கட்டி சட்டென்று உருகுவதைப் பார்த்து மகிழ வேண்டாம். செம்பின் மேலும் அது அப்படித்தான் உருகும்.

கடைக்குக் கொண்டுபோனால்

அடகுக்கடையிலும் வெள்ளிக்கடையிலும் உரைகல்லில் உரசி அமிலம் விடுவார்கள். சோதனை நல்லதுதான், ஆனால் விளிம்பில் கீறல் விழும், அமிலம் நேரடியாகப் பட்டால் கறை நிற்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு நாணயத்தின் சேகரிப்பு மதிப்பு போய்விடும். வீட்டில் நைட்ரிக் அமிலம் வாங்கிச் செய்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அதன் புகையே நுரையீரலுக்குக் கேடு.

எக்ஸ்.ஆர்.எஃப். கருவி (எக்ஸ் கதிர் செலுத்தி உலோகங்களைக் கண்டறிவது) இருக்கும் நகைக்கடையோ ஹால்மார்க் மையமோ கிடைத்தால் அதையே தேடிப் போங்கள். ஒரு நிமிடத்தில், கீறாமல், எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று தாளில் வந்துவிடும். ஒரே குறை, அது மேல்தோலை மட்டும் படிக்கும். கனமான வெள்ளி முலாமை அது வெள்ளி என்றே சொல்லும். 1940களின் ரூபாயில் 50க்கு மேல் காட்டுவதும் இதனால்தான். உயர்ந்து தேய்ந்த இடத்திலும் விளிம்பிலுமாக இரண்டு அளவு எடுக்கச் சொல்லி, நீங்கள் வீட்டில் கண்ட அடர்த்தியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெள்ளி என்பது வேறு, அசல் என்பது வேறு. விக்டோரியா தலையைப் போட்டு நகைப் பட்டறைகளில் உண்மையான வெள்ளியிலேயே காசு அடிக்கிறார்கள். அதற்கு வெள்ளி விலை உண்டு, பழைய நாணயத்தின் விலை இல்லை.

‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று எழுதி ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பதித்த காசுகள் நம் ஊர்களில் ஏராளம். கம்பெனி அப்படி எந்த நாணயமும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறிப்பவர்கள் கையில் இருப்பதும் இவைதான். சோதிக்கவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

இலங்கை நாணயங்கள்

இலங்கையின் பழைய 50 சதம் நம் எட்டணாவின் அதே 5.83 கிராம், 25 சதம் நாலணாவின் அதே 2.92 கிராம். தரம் மட்டும் வேறு. 1892 முதல் 1917 வரை 80 சதவீதம், 1919 முதல் 1942 வரை 55 சதவீதம். 10 சதம் 1.17 கிராம். 1943 முதல் வந்தவை நிக்கல் கலந்த பித்தளை. மஞ்சள் நிறமே சொல்லிவிடும்.

கணக்கு

விற்கும் எண்ணம் இருந்தால் கடைக்குப் போகும் முன் நிகர வெள்ளியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தேயாத 91.7 ரூபாயில் 10.69 கிராம், எட்டணாவில் 5.35, நாலணாவில் 2.67. போர்க்கால ரூபாயில் 5.83. காந்தி பத்து ரூபாயில் 12 கிராம், 1972 பத்து ரூபாயில் 11.25. தேய்ந்திருந்தால் உங்கள் தராசு காட்டிய எடையைத் தரத்தால் பெருக்குங்கள். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் வருவது அடிமதிப்பு. சேதாரம், உருக்குக் கூலி என்று கடைக்காரர் கழிப்பார். எவ்வளவு கழிக்கிறார் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள நாணயத்தைச் சேகரிப்பாளரிடம் காட்டாமல் உருக்கக் கொடுக்காதீர்கள்.

நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலில் உழும்போதோ மண்ணுக்குள்ளிருந்து காசு கிடைத்தால் 1878 புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கிடைத்த காசைத் தண்ணீரில்கூட அலசாமல், மண்ணோடு அப்படியே எடுத்து வையுங்கள்.